யாரும் இறங்கக் கூடாது

15 ஜனவரி 2025, புதன்

மாட்டுப் பொங்கல். லேப் அரை நாள்தான். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் ஆறு பேர். அதில் நாலு பேர் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து வெறும் வயிறு என்று சாதித்தார்கள். ரிசல்ட்டில் தெரிந்துவிடும் என்று சொன்னால் என்மேல் கோபம்.

ப்ளெஸ்ஸி அரக்கோணத்து மருந்துக்கடையில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இருபத்தாறு வயதாகிறது, இன்னும் அக்கா நைட்டியைத்தான் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். நாளை காணும் பொங்கலுக்குக் கரிக்கல்மேடு ஏரிக்குப் போகவேண்டுமாம். புதிதாகப் படகு விட்டிருக்கிறார்களாம். கூட்டமாக இருக்கும்டி என்றேன். "கூட்டத்தைப் பாக்கத்தாங்க்கா போறதே" என்றாள். அம்மாவும் சரி என்றுவிட்டாள். புளிக்காய்ச்சல் செய்து வைத்தேன்.

19 ஜனவரி, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மாலை ப்ளெஸ்ஸியை அடக்கம் செய்தோம். இன்று சபைக்குப் போகவில்லை. பாட்டு வராது.

21 ஜனவரி, செவ்வாய்

எழுதி வைக்கவேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நாலு நாள் போனால் நானே குழம்பிவிடுவேன்.

படகில் பன்னிரண்டு பேர் என்று எழுதியிருந்தது. இருபத்தொரு பேரை ஏற்றினார்கள். லைஃப் ஜாக்கெட் கொட்டகைக்குள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டேன். டிக்கெட் கிழித்த ஆள், "கரையோரமாத்தான் சுத்தும் மேடம், இன்னாத்துக்கு அது" என்றான். அம்மாவுக்குக் கால் வலி, அதனால் நானும் அவளும் கரையில் இருந்தோம். ப்ளெஸ்ஸி ஏறும்போது போனில் ஒரு படம் எடுத்தேன். 4.14 என்று காட்டுகிறது.

ஒரு சுற்றுகூட முடியவில்லை. ஃபோட்டோ எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்தார்கள். படகு அப்படியே கவிழ்ந்தது. கரையிலிருந்து முப்பது நாற்பது அடிதான். ஆனால் அந்த இடத்தில் மண் எடுத்த பள்ளம், மூன்று ஆள் ஆழம்.

ரோட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிற உபைத் சட்டையோடு குதித்தான். இன்னும் இரண்டு பேர் குதித்தார்கள். அந்த மூன்று பேரும்தான் ஒவ்வொருவராக இழுத்து வந்து போட்டார்கள். பதினோரு பேர். எண்ணினேன். ஒவ்வொரு முறையும் ப்ளெஸ்ஸியா என்று பார்த்துப் பார்த்து எண்ணினேன். ஏழு பேர் படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள்.

ஃபயர் சர்வீஸுக்குச் சொன்னீர்களா என்று படகுக்காரர்களைக் கேட்டேன். "சொல்லியாச்சு, வந்துகினே இருக்காங்க" என்றார்கள். போன் என் கையில்தான் இருந்தது. நான் ஏன் நம்பினேன்?

வண்டி வந்தபோது 5.05. காக்கி உடையில் ஐந்து பேர் இறங்கினார்கள். அப்போது உபைத் கரைக்கு வந்து, "கத்தி குடுங்க, கத்தி குடுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தான். "படகுக்கு அடியில ஆள் கீது சார். உள்ளேருந்து தட்டுறாங்க." அந்த ஐந்து பேருக்கும் பெரியவர்போல் இருந்தவர் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "போதும். இனிமே யாரும் எறங்கக் கூடாது." உபைத் திமிறினான். இரண்டு பேர் அவனை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, அவனை விடவில்லை. நீங்கள் இறங்கினீர்களா? இல்லை. கயிறு வீசினார்கள். மிதவை வளையம் வீசினார்கள். விசில் அடித்துக் கூட்டத்தை ஒதுக்கினார்கள். என்னையும்தான் ஒதுக்கினார்கள்.

6.10க்குப் பரிசலில் வந்த மீன்காரர்கள்தான் படகைப் புரட்டினார்கள். மூன்று பேர். அதில் ப்ளெஸ்ஸி.

24 ஜனவரி, வெள்ளி

பேப்பரில் வந்திருக்கிறது. "தீயணைப்பு வீரர்களின் துரித நடவடிக்கையால் 18 பேர் மீட்பு." உபைத் பெயர் இல்லை. பேப்பரைச் சுருட்டி அடுப்பில் போட்டேன். துரிதமாம். அடப்பாவிங்களா.

2 பிப்ரவரி, ஞாயிறு

உபைத் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைத்து முடியவில்லை.

"நெஜமாத்தான் தட்டுனாங்களா உபைத்து?"

"ஆங் அக்கா. நாலு தட்டு தட்டுவாங்க, நிறுத்துவாங்க. மறுபடி தட்டுவாங்க. கவுந்த படகுக்குள்ள கொஞ்சம் காத்து நிக்கும் இல்ல, அதுல மூச்சு விட்டுகினு இருந்திருப்பாங்க. நான் அடியில பூந்து கைய விட்டேன். ஒரு கை என் கையப் புடிச்சிச்சு. வாட்ச்சு கட்டின கை. இழுத்தேன், வரல. துப்பட்டா சீட்டுக் கம்பியில சுத்திகினு இருந்திச்சு. அத்த அறுக்கத்தான் கத்திக்கு வந்தேன்."

ப்ளெஸ்ஸிதான் வாட்ச் கட்டியிருந்தாள். மற்ற இரண்டு பேரில் ஒருவர் வயதானவர், இன்னொன்று சின்னக் குழந்தை.

"இன்னும் ஒரே ஒரு தபா விட்டிருந்தா..." என்றான். அதற்குமேல் சொல்லவேண்டாம் என்றேன்.

அவள் அவன் கையைப் பிடித்திருக்கிறாள்.

3 பிப்ரவரி, திங்கள்

அந்த ஆளின் பெயர் கோதண்டபாணி. விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

10 பிப்ரவரி, திங்கள்

மனு நாள். காலை ட்ரெயினில் திருவள்ளூர் போய்க் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன். நாலு பக்கம். காப்பாற்ற வந்தவரே காப்பாற்றவிடாமல் தடுத்தார் என்று எழுதி, ஒரே ஒரு பெயரைத்தான் போட்டேன். கோதண்டபாணி. அந்தப் பெயரை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. வேறு தாள் வாங்கி மறுபடி எழுதினேன்.

யோபு என் கூட வந்திருந்தார். படகுக்குச் சொந்தக்காரரான வளவனையும் சேர்த்து எழுதக் கூடாதா என்று கேட்டார். கட்டினவரிடம்கூட எரிந்து விழுகிறேன். வளவனை நான் கண்ணால் பார்க்கவில்லை. உபைத்தின் தோளைப் பிடித்து அழுத்திய கையைப் பார்த்தேன்.

27 பிப்ரவரி, வியாழன்

கோதண்டபாணியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும்.

8 மார்ச், சனி

காலை பத்தரைக்கு லேப்பில் ஒரு பெண். சுகர், கொழுப்பு, தைராய்டு. சீட்டில் பார்த்தேன்: மோகனப்ரியா, க/பெ கோதண்டபாணி. ஊரில் வேறு கோதண்டபாணியே கிடையாதா என்று நினைத்துக்கொண்டே கையில் ரப்பரைக் கட்டினேன்.

நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. ஊசிக்குப் பயந்தோ என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். "வீட்டுக்காரரு ஃபயர் சர்வீஸுங்க சிஸ்டர். இப்ப சஸ்பெண்டு. சோறு எறங்கல அவருக்கு. படகுக்குள்ள யாரோ தட்டுன சத்தம் கேட்டுச்சு, கேட்டுச்சுன்னு சொல்லிகினே இருக்காரு. அவங்க பெரிய ஆபீசர் கூப்ட்டு, விசாரணையில அதச் சொல்லாத, சொன்னா வேலையே போயிடும்னு சொல்லிட்டாராம்."

ஊசியை எடுத்துவிட்டேன். பஞ்சை வைத்து அழுத்தினேன். அழுத்தின இடம் வெளுத்துப்போனதை அவள் சொல்லித்தான் பார்த்தேன்.

கேட்டிருக்கிறது. அந்த ஆளுக்குக் கேட்டிருக்கிறது! கேட்காமல் நிறுத்தியிருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். கேட்டுகினே நின்னானா? என் தங்கச்சி தட்டுறது காதுல விழுந்து, விசில் ஊதிகினு நின்னானா?

அவளை, திங்கட்கிழமை ரிசல்ட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினேன்.

9 மார்ச், ஞாயிறு

அம்மாவிடம் சொல்லமாட்டேன். தட்டினாள் என்பதை அம்மா கேட்கவே கூடாது.

18 மார்ச், செவ்வாய்

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி. பயணியர் விடுதி ஹாலில் மேசை போட்டிருந்தார்கள். நான், உபைத், கோதண்டபாணி, வெள்ளைச் சட்டையில் வளவன். வளவன் எல்லாருக்கும் டீ வரவழைத்தார். நான் தொடவில்லை.

முதலில் அதிகாரி சில பதிவுகளைப் படித்தார். படகு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, தகுதிச் சான்று இல்லை. ஃபயர் சர்வீஸுக்கு முதல் போன் வந்தது 4.49க்கு. நான் நிறுத்தினேன். "சார், மறுபடி சொல்லுங்க." 4.49. அதைக்கூடப் படகுக்காரர்கள் செய்யவில்லை, ரோட்டில் போன பஸ் கண்டக்டர் செய்திருக்கிறார்.

சொல்லியாச்சு, வந்துகினே இருக்காங்க. அரை மணி நேரம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே தெரியாமல் முடித்துவிடலாம் என்று பார்த்திருக்கிறார்கள். வளவன் தலை குனிந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அப்புறம் என் முன்னால் டைப் அடித்த ஒரு தாளை வைத்தார்கள். "தீயணைப்பு ஊழியர் ஒருவரின் கவனக்குறைவே உயிரிழப்புக்குக் காரணம் எனத் தெரிவித்துக்கொள்கிறேன்." நான் என்ன சொல்வேன் என்று கேட்பதற்கு முன்பே அடித்து வைத்திருக்கிறார்கள். "நீங்க மனுவுல எழுதினதுதாம்மா. கையெழுத்து மட்டும் போடுங்க."

உண்மைதான், நான் எழுதியதுதான். அந்த ஆள் கெடவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதுதான். பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் அதில் 4.49 இல்லை. இருபத்தொரு பேர் இல்லை. கொட்டகையில் தொங்கிய ஜாக்கெட் இல்லை. வளவன் என்கிற பெயரே இல்லை. என் கோபத்தை எடுத்து இவனுக்குக் குடை பிடிக்கப் பார்க்கிறார்கள்.

"முதல்ல அவரைக் கேளுங்க சார்" என்றேன்.

கோதண்டபாணி எழுந்து கையில் இருந்த தாளைப் படித்தார். சம்பவ இடத்தில் படகின் அடியிலிருந்து எவ்விதச் சத்தமும் கேட்கவில்லை என்று வந்தது. மோகனப்ரியா பெயரை நான் எடுக்கவில்லை. அவள் பாவம். அந்த ஆளை நேராகப் பார்த்துக் கேட்டேன். "கேட்டுச்சா, கேக்கலையா? அது என் தங்கச்சி. பேரு ப்ளெஸ்ஸி. அதைத் தெரிஞ்சிகினு சொல்லுங்க."

அவர் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

"கேட்டுச்சிம்மா."

அதிகாரி நிமிர்ந்தார்.

"கேட்டுச்சி சார். எனக்கு முங்கி நீஞ்சத் தெரியாது. என் கூட வந்த நாலு பேருல ஒருத்தருக்கும் தெரியாது. ஏரி கொளம்னு ஏகப்பட்டது இருக்குது, ரப்பர் படகு வேணும், ஆளுங்களுக்கு ட்ரெய்னிங் வேணும்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன், வரல. இந்தத் தம்பி வெடவெடன்னு நடுங்கினு இருந்தாரு, உதடு நீலம் பூத்துப் போயிருந்திச்சு. இவரும் உள்ள போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்னு புடிச்சி நிறுத்திட்டேன். ரூலும் அதுதான். ஆனா சத்தம் கேட்டுச்சு. தெரிஞ்சவனையும் விடல, நானும் எறங்கல."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றுவிட்டது. அதிகாரி, "அதெல்லாம் வேணாம், கேட்ட கேள்விக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

"எழுதுங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அவர் சொன்னது ஒவ்வொண்ணும் எழுதுங்க. ட்ரெய்னிங் கேட்டதும் எழுதுங்க. எழுதினாதான் நான் கையெழுத்து போடுவேன்."

எழுதினார்கள். என் வாக்குமூலத்தை நானே கையால் எழுதிக் கொடுத்தேன். ஆறு பக்கம். அதில் வளவன் பெயரும் இருக்கிறது, கோதண்டபாணி பெயரும் இருக்கிறது.

அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

30 மார்ச், ஞாயிறு

சபையிலிருந்து ரத்தினம்மாள் அத்தை வந்தார்கள். வளவன் வீட்டில் சொல்லி அனுப்பியது பேச்சிலேயே தெரிந்தது. "கேஸ் கீஸுன்னு அலையாத கண்ணு. மன்னிக்கிறதுதானே நம்ம மார்க்கம்." மன்னிப்பு வேண்டும் என்று வளவன் இதுவரை கேட்கவில்லையே அத்தை, கேட்காதவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

11 ஜூன், புதன்

வளவன்மேலும் டிக்கெட் கிழித்தவன்மேலும் வழக்கு. கோதண்டபாணிக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, சம்பள உயர்வு கிடையாது, தூரமாக வேறு ஊருக்கு மாற்றல். அவர் பெயர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறது.

எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. அவளுக்கு?

12 மார்ச் 2026, வியாழன்

கோர்ட்டு. பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், பன்னிரண்டு வரை கூப்பிடவில்லை. வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. நான், யோபு, உபைத். மிச்ச இடத்தில் என் பை.

கோதண்டபாணி மூன்று பஸ் மாறி வந்திருப்பார். இளைத்துப்போய், சட்டை தோளில் தொங்கியது. எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளிச் சுவரோரம் நின்றுகொண்டார். வளவனின் ஆள் ஒருவன் அவர் பக்கத்தில் போனான்.

"சார், ரிட்டயர்டு ஆவ இன்னும் மூணு வருஷம்தானே. பென்ஷன் இருக்குது. சத்தம் கித்தம்னு நீங்களே உங்க தலையில மண்ணப் போட்டுக்காதீங்க. எங்க ஆளுங்கதான் உடனே போன் பண்ணாங்கன்னு சொல்லிடுங்க, முடிஞ்சிடும்."

"நான் சொன்னதத்தான் சொல்லுவேன். போப்பா" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

அவன் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். வெயில் அவர் நின்ற பக்கம் வந்துவிட்டது. அந்தக் கையை நான் இன்னும் பார்க்கமாட்டேன். பார்த்தால் உபைத்தின் தோள்தான் தெரியும்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன். கொஞ்சம் தயங்கிவிட்டு வந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து முதல் சாட்சி என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள்.