தாய்மாமன் மடி

வெள்ளிக்கிழமை

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று சாயங்காலம் பத்துக் கிலோ அரிசிப் பையை மடியில் வைத்துத் தரையில் சம்மணம் போட்டவன், எழ முடியாமல் வாய்விட்டு அழுதுவிட்டேன். ஞாயிறன்று அம்பகரத்தூர் கோயிலில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். அதற்குத்தான் ஒத்திகை.

இருபது வருடம் ஆபீஸ் நாற்காலி தின்ற இடுப்பு இது. மனைவியும் எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கும் நேரம் பார்த்துத் தங்கை வந்து நின்றாள்.

“என்னண்ணே, ஒங்களையே ஒருத்தர் மடியில வச்சுக்கணும் போலருக்கே!” என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல், “பெரியப்பா மவன் சேகரண்ணன் மடியில வச்சுக்கிறோம். கோவிச்சுக்காதீங்க” என்றாள்.

சேகரின் தொப்பைக்குக் கீழே மடி எங்கே மிச்சமிருக்கிறது? பத்து வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளை. நான் கூட்டத்தோடு நின்று பார்க்க வேண்டும்.

“ஒரு மாசமா முதுகுப் பயிற்சி பண்றேம்மா, வலி கேக்கல” என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது.

பயிற்சி வீடியோவை ஒரு மாதமாகத் தினமும் பார்க்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்துதான்.