உப்பில்லாத பூசணிக்காய்

என் அன்பு மனைவிக்கு,

நீ கறி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆடு மாடுகள் நன்றாக இருக்கட்டும். உன் அலுவலகக் கணக்காளரும் நன்றாக இருக்கட்டும். மருத்துவர் கறியைக் குறைக்கச் சொன்னபோது, "அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு" என்றவள் நீ. கணக்காளர் சொன்னதும் விட்டுவிட்டாய்.

"பால்கூடத் தொடமாட்டாருங்க, என்ன மனசு பாருங்க!" என்று அந்தக் கணக்காளரைப் புகழ்கிறாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உன் சாப்பாட்டு டப்பா இப்போதெல்லாம் கழுவித் துடைக்கப்பட்டு வீடு திரும்புகிறது. கல்யாணமான நாளிலிருந்து நீ அதைக் கழுவியதே இல்லை.

அதனால் நேற்று பூசணிக்காயை வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்து அனுப்பினேன். ஒரு கல் உப்பு குறைந்தாலே முகத்தைச் சுளிப்பவள் நீ. சாயங்காலம் கேட்டதற்கு, "பிரமாதம்! உங்க கைப்பக்குவமே தனிங்க" என்றாய். அதாவது, நீ அதை வாயில் வைக்கவே இல்லை. என் சமையலை அவர் சாப்பிடுகிறார், அவருடையதை நீ சாப்பிடுகிறாய்.

இந்தக் கடிதத்தை டப்பாவின் மூடிக்கு அடியில் வைக்கிறேன். இதை நீயே பிரித்திருந்தால், சந்தேகப்பட்டதற்கு என்னை மன்னித்துவிடு. வேறு யாராவது பிரித்திருந்தால், ஐயா, நேற்றைய உப்பையும் சேர்த்து இன்றைக்குப் போட்டிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் டப்பாவைக் கழுவி அனுப்பவும்.

இப்படிக்கு,
இன்னும் முட்டை சாப்பிடும்
உன் கணவன்