எந்தக் கதவு?

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று போனில் 'கதவு, கதவு' என்று அத்தனை முறை சொன்னீர்களே, அது எந்தக் கதவு? டிராக்டர் கிளம்பவில்லை என்று நான் சொன்னதற்கு வந்த பதில் அது. எவ்வளவோ யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. டிராக்டருக்குக் கதவே கிடையாது.

வேகமாகப் பேசினால் உங்களுக்குக் குழம்புகிறது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டர் சொன்னாராம். அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் அக்கா நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டுவார். அவர் வாயால் வரப்போகிறது என்பதால் சிலவற்றை எழுதாமல் விடுகிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத 'எல்லாரும்' இல்லை. நான் நலம். கல்லூரிக்கு விடுமுறை விட்டாயிற்று, வகுப்பெடுக்கப் போக வேண்டியதில்லை.

இனி பெரியவர் விஷயம். டிராக்டருக்கு நீங்கள் வைத்த பெயர் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அன்று கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தி இறங்கி, தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தீர்களே, அன்றிலிருந்து அதே இடத்தில்தான் நிற்கிறார். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அவர்மேல் போய்விட்டன. புகைக்குழாய் வாயில் நான் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துவைத்திருந்ததால் உள்ளே மழை இறங்கவில்லை.

உங்கள் தம்பி வந்திருந்தார். போனில் வீடியோவை ஓடவிட்டு மட்கார்டின்மேல் சாய்த்துவைப்பார். பிறகு ஆபரேஷன் செய்கிற டாக்டர் மாதிரி கையை நீட்டுவார். நான் ஸ்பேனரை வைக்க வேண்டும். ஏர் ஃபில்டரைத் திறந்தால் எலிக்கூடு. வைக்கோல், சாக்கு நூல், என் பழைய புடவைக் கிழிசல், எல்லாம் இருந்தன. நம் சமையலறை அலமாரியின் வெள்ளைப் பீங்கான் குமிழ் மட்டும் இல்லை. "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று சத்தியம் செய்தீர்களே, அதற்காக விரலால் துழாவிக்கூடப் பார்த்தேன். அந்த அலமாரியை இன்னும் கத்தி முனையால் நெம்பித்தான் திறக்கிறேன்.

பழைய டீசலை வடித்தோம். அடியில் தண்ணீர் நின்றது. டீசல் புதிது, ஃபில்டர் புதிது. பேட்டரியைக் கழற்றி சார்ஜ் ஏற்றிப் பூட்டினோம். என்ஜினைக் கையால் திருப்பிப் பார்த்தோம், இறுகியிருக்கவில்லை. டீசல் குழாயில் இருந்த காற்றையும் எடுத்தோம். சாவியைத் திருப்பினால் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. புகைகூட வரவில்லை. பம்ப் வரை வருகிற டீசல் அதைத் தாண்டிப் போகவில்லை.

'அணைக்கிற பிடி வெளியே இருந்தா உள்ளே தள்ளுங்க' என்கிறார் வீடியோக்காரர். நம் வண்டியில் அந்த இடத்தில் வெறும் ஓட்டைதான். "நம்மது பழைய மாடல் அண்ணி, அதெல்லாம் கிடையாது" என்று தாண்டிப் போய்விட்டார் உங்கள் தம்பி. நீங்கள் வண்டியை அணைக்கிற சத்தத்தைச் சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறேன். எப்படி அணைக்கிறீர்கள் என்று பார்த்ததில்லை. சாயங்காலம் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "பம்ப் போச்சு. கதை முடிஞ்சுது. இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். உங்கள் அக்கா சொன்னதுதான் மனதை அரிக்கிறது. "அவன் பசின்னா தலையணைங்கறான். தண்ணியைச் செருப்புங்கறான். நீ தனியா வெச்சுக்கிட்டு என்னத்தைப் புரிஞ்சுக்குவே? இனிமே இங்கேயே இருந்துடட்டும்மா."

அக்கா, இதை நீங்கள்தான் படிக்கிறீர்கள். கோபத்தில் எழுதவில்லை. உங்கள் கேள்வி நியாயமானது. ஆறுதலுக்காக எதையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை. 'கதவு' என்றதற்கு ஏதோ அர்த்தம் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். ஆசை ஆதாரம் ஆகாதே. வாரக் கடைசியில் நான் வரும்போது, கூட்டிக்கொண்டு வருவதா, விட்டுவிட்டு வருவதா என்று முடிவு செய்துதான் ஆக வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பந்தை அழுத்துகிற பயிற்சியில் ஏமாற்றாதீர்கள். உங்கள் தலையணைக்கு வாராவாரம் உறை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்

மறுநாள், தபாலில் சேர்க்கும் முன்:

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் போனில் கேட்டதுதான், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். அக்கா டாக்டரிடமும் காட்டட்டும்.

காலையில் சர்க்கரை எடுக்க அலமாரிக் கதவைக் கத்தியால் நெம்பினேன். குமிழ் இருந்த ஓட்டை கண்ணில் பட்டது. கதவு.

கத்தியும் கையுமாகக் கொட்டகைக்கு ஓடினேன். வண்டியைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். கடைசியில் சீட்டின்மேல் நீங்கள் மெத்தைக்காகப் போட்டிருந்த சாக்கைத் தூக்கினேன். இடது பக்கம், கீழே, நீங்களே மாற்றிப் பூட்டியிருந்த அணைக்கிற கம்பியின் நுனியில் என் அலமாரிக் குமிழ். கடைசியாக அணைத்த அன்று நீங்கள் வெளியே இழுத்தது இழுத்தபடியே இருந்தது. உள்ளே தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். வெள்ளைப் புகை கொஞ்சம் வந்தது, பெரியவர் இருமினார், எழுந்தேவிட்டார். நான் எடுக்க மறந்த தகர டப்பா பறந்து போய்க் கோழிகளுக்கு நடுவில் விழுந்தது.

உங்களுக்குப் போன் போட்டு என்ஜின் பக்கம் நீட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு, "எலி" என்றீர்கள்.

அக்கா போனை வாங்கி, "பாவம், இன்னிக்கும் வார்த்தை மாறிப் போகுது" என்றார்.

"இல்லக்கா, சரியாத்தான் சொல்றார். இவர்தான் அந்த எலி" என்று குமிழ்க் கதையைச் சொன்னேன்.

அதைக் கேட்ட அக்கா, உங்கள் துணிகளையெல்லாம் எந்தப் பெட்டியில் அடுக்குவது என்று கேட்டார்.