நாற்பது வீட்டுத் தண்ணீர்

என் கண்ணு கஸ்தூரிக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளாக எழுதவில்லை. எழுதினால் திட்டித்தான் எழுதுவேன் என்று தெரியும். இன்றைக்கும் திட்டத்தான் போகிறேன், கேட்டுக்கொள். ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சேதி. உன் போட்டோவை ஆபீசில் மாட்டியிருக்கிறார்கள். மேற்குத் தாம்பரத்தில் சைக்கிள் கடைக்கு மேலே, சனிக்கிழமைதோறும் நாம் கிளாசுக்கு உட்கார்ந்த அதே ஹாலில், கரும்பலகைக்குப் பக்கத்தில். சந்தன மாலை, சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. மாதத்தில் அதிகமாக விற்றவள் பேரை எழுதி ஒட்டுவார்களே, அதே இடம். செத்த பிறகும் அந்த இடத்தை நீ எனக்கு விடவில்லை.

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் ரெக்சின் பையை மாட்டிக்கொண்டு, வீடு வீடாக ஏறித் தரை துடைக்கிற லிக்விட் விற்றவர்கள். நான் பி.காம். இரண்டாம் வருஷப் பரீட்சையில் பாதிப் பேப்பரில் எழுந்து வந்தவள். ஏன் என்று கேட்ட யாருக்கும் இன்று வரை பதில் சொல்லத் தெரியவில்லை. நீ பிளஸ் டூவோடு நின்றவள். சேலையூர்த் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்கிற சரோஜா அம்மாவின் ஒரே பெண்.

முதல் நாளே என்னைச் சீண்டினாய். "இன்னாடி, காலேஜ வுட்டுட்டு வந்துட்டியாமே? வேணாம்னா எங்கிட்ட குடுத்திருக்கலாம்ல? நானாவது படிச்சிருப்பேன்."

கிளாஸ் எடுக்கிற மேனேஜர் மோகன் சாரை நினைவிருக்கிறதா? பொருளைப் பற்றிப் பேசாதே, தேவையைப் பற்றிப் பேசு என்பார். எல்லோருக்கும் விற்க நினைத்தால் ஒருத்தருக்கும் விற்க முடியாது என்பார். நாளைக்கு இந்தப் பாட்டில் வராமல் நின்றுபோனால் யார் பேர் சொல்லிக் கேட்பார்கள் என்பார். எனக்குக் கொட்டாவி வரும். நீ ஆர்டர் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டே இருப்பாய்.

ஒருநாள் கேம்ப் ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று நின்றாய்.

"ஏய் உமா, அந்தாளு சொல்றது லிக்விடுக்கு மட்டும் இல்லடி. நமக்கும்தான். நீ யாருக்குடி?"

"நான் எனக்குத்தான்."

"உனக்கே நீ இருந்தா அது சேல்ஸ் இல்ல, ஸ்டாக்கு. கொடோன்ல தூசி புடிச்சிகினு கெடக்கும்."

எனக்கு மூக்கு நுனி வரை கோபம். இரண்டு தெரு உனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். நீ மாங்காய்ப் பத்தை வாங்கிக் கையில் திணித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாய். "எல்லாரும் நமக்கு இன்னா புடிக்கும்னு தேடறாங்க. அதான் பேஜார். யாருக்கு இன்னா இல்லன்னு மொதல்ல பாரு. அத உன்னால குடுக்க முடியுமான்னு பாரு. வேற எவளாலயும் அப்டி குடுக்க முடியாதுன்னா, அவ்ளோதான், நீ பொறந்ததுக்குக் காரணம் கெடச்சிடுச்சு."

மிளகாய்த்தூள் உறைக்க உறைக்க நீ சொன்னதைக் கேட்டேன். "வாழ்க்கையில என்னதான் பண்ணப் போற?" என்று அப்பா தினமும் கேட்ட கேள்விக்கு முதல் தடவையாக ஒரு வழி சொன்னவள் நீ. வெளியே சிரித்தேன். உள்ளே நம்பிவிட்டேன். அதனால்தானடி இவ்வளவு கோபம்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். அதைக் கண்டுபிடித்தது நான். அதை யார் மேலும் தள்ள முடியாது.

போன வருஷம் ஏப்ரல், ராஜகீழ்ப்பாக்கம். காலையிலிருந்து ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு அம்மா "ஒண்ணும் வேணாம், போங்க" என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சாத்தின கதவைப் பார்த்தே சொன்னேன், "லிக்விட் வேணாங்க, குடிக்கக் கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க."

கதவு திறந்தது. செம்பும் டம்ளரும் வந்தன. தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறவளை எந்த அம்மாவும் போ என்று விரட்ட மாட்டாள். "வெயில்ல இப்படி அலையறீங்களே, கருத்துடப் போறீங்க. கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். பத்தாவது நிமிஷம் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை நீதான் கிளாசில் எழுந்து இதைச் சொன்னாய். மோகன் சார் மேஜையைத் தட்டினார். "எக்ஸலன்ட்! இதுக்குப் பேர்தான்மா மார்க்கெட்டிங். மொதல்ல அவங்க உங்களுக்கு ஏதாவது குடுக்கணும். குடுத்துட்டாங்கன்னா நீங்க அவங்க மனுஷி ஆயிடுவீங்க." கரும்பலகையில் முதல் படி என்று எழுதி, தண்ணீர் என்று எழுதினார். வாங்கின தண்ணீரை அவர்கள் கண் முன்னால் மிச்சமில்லாமல் குடிக்க வேண்டும், பாதியில் வைத்தால் அவமானம் பண்ணியதாக நினைப்பார்கள் என்று சொன்னார். அவர் மேஜை மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெந்நீர் பாட்டில் இருந்தது. அதை அன்றைக்கு நான் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

கிணறு வற்றி, லாரித் தண்ணீருக்கு வரிசையில் குடம் வைத்த கோடை அது. எந்த வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வந்ததென்று அந்த வீட்டுக்காரிக்கே தெரியாது. ஒரு வாரத்தில் எனக்கு வயிறு கலங்கியது. அதிலிருந்து நான் ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டு, அந்த அம்மா திரும்புகிற நேரத்தில் மிச்சத்தைக் குரோட்டன்ஸ் செடித் தொட்டியில் ஊற்றிவிடுவேன். உனக்கும் சொல்லிக்கொடுத்தேன். கேட்டாயா?

"ஊத்தாதடி. பாவம், ஆசையா குடுக்கறாங்க."

"வயித்துக்கு ஆசை தெரியுமாடி?"

"உனக்கு அது ட்ரிக்கு. எனக்கு அப்டி இல்ல."

உனக்கு எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூனில் உன் கஸ்டமர் கிடைத்துவிட்டார்கள் என்று குதித்தாய். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் பேச ஆளில்லாத பெண்கள். ஒருத்திக்கு மாத்திரை அட்டையைப் படித்துச் சொன்னாய். ஒருத்தி சொல்லச் சொல்ல அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதினாய். "பாத்தியா, லிக்விடு எவ வேணா விப்பா. இத நான்தான் குடுக்கறேன்" என்றாய். அன்றைக்கு உன் மேல் எனக்கு வந்தது பொறாமை. பேரைச் சரியாகவே சொல்கிறேன்.

ஆகஸ்டில் உன் கண் மஞ்சளானது. சரோஜா அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள். நாலு நாள் படுத்தாய். ஐந்தாம் நாள் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாய். கடிதம் எழுதச் சொன்னவளுக்குப் பதில் வந்திருக்குமாம், படித்துக் காட்ட வேண்டுமாம். நான் உன்னைப் பிடித்து நிறுத்தவில்லை. திட்டிவிட்டு, உன்னோடு நடந்தேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் கேட்டார், "எங்கம்மா தண்ணி குடிச்ச? வெளியில எங்கயாவது குடிச்சியா?"

நீ சிரித்தாய். "ஒரு நாளைக்கு நாப்பது வூட்டுல டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. ஈரல் வரைக்கும் போய்விட்டது என்று என்னிடம் வெளியே வந்து சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் நீ இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு உங்கம்மாவிடம் கேட்டேன். "அவ ஏம்மா எல்லா வீட்லயும் குடிச்சா? ஊத்திடுன்னு நான் படிச்சுப் படிச்சு சொன்னேனே."

உங்கம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"உனக்குத் தெரியாதா? மீன்காரிக்கு எவடி டம்ளர் குடுப்பா? தண்ணி கேட்டா, கைய குவின்னு சொல்லி மேலேர்ந்து ஊத்துவாளுங்க. சின்னதுல எங்கூட வந்து பாத்துகினு நிப்பா. அதே தெருவுல, அதே வூட்டுல, எம்பொண்ணுக்கு எவர்சில்வர் டம்ளர்ல குடுத்தாங்களாம். தெனம் வந்து சொல்லுவா, இன்னிக்கு நாப்பது டம்ளர்மான்னு. மேல மீன் வாசன அடிக்குதான்னு மோந்து பாத்துட்டுத்தான் காலைல வூட்ட வுட்டே கெளம்புவா."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஐந்து மாதம் தினமும் என் தோளில் இடித்துக்கொண்டு நடந்தாயே, ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? யாருக்கு என்ன இல்லை என்று தெருத்தெருவாகத் தேடினாய். உனக்கு என்ன இல்லை என்பதை மோகன் சார் மட்டும் கண்டுபிடித்துவிட்டாரா? இல்லை, அவருக்கும் தெரியாதா? தெரியாமலேயே உனக்கு விற்றாரா?

அதற்குப் பிறகும் நான் அந்த வேலையை விடவில்லை. வேறு என்ன தெரியும் எனக்கு? ஆறு வாரத்துக்கு முன்னால் புது பேட்ச் வந்தது, இருபது பெண்கள். உன் பின்னட்டைக் குறிப்புகளை மோகன் சார் அச்சடித்திருந்தார். மேலே "உன் வாழ்க்கையின் வாடிக்கையாளர் யார்?" என்று தலைப்பு. கீழே முதல் படி, தண்ணீர்.

"கஸ்தூரியோட லைஃபே ஒரு கேஸ் ஸ்டடி, உமா. நீ சொன்னாதான் எடுபடும்" என்றார்.

"எப்படிச் செத்தான்னு கேட்டா என்ன சார் சொல்றது?"

"ஜுரம்னு சொல்லு. நெகடிவ்லாம் வேணாம்."

சொன்னேன், கஸ்தூரி. நீ கேம்ப் ரோட்டில் நின்று கேட்டது, மாத்திரை அட்டை, கடிதம், எல்லாம் சொன்னேன். ஜுரம் என்றும் சொன்னேன். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் மறைக்கவில்லை.

முடிந்ததும் படப்பையிலிருந்து வந்த ஒரு பெண் பேனாவோடு வந்தாள். "அக்கா, தண்ணி நெஜமாவே குடிக்கணுமா, இல்ல குடிக்கிற மாதிரி காட்டினா போதுமா?"

"நெஜமாவே குடிக்கணும். மிச்சம் வைக்காம."

என் வாய்தான் சொன்னது. அவள் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள், மிச்சம் வைக்காமல் என்று. அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் அந்தத் தாளை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"குடிக்காத. யாரும் குடிக்காதீங்க. ஜுரம்லாம் இல்ல. அந்தப் போட்டோல இருக்கறவ இதக் குடிச்சுதான் செத்தா. இந்த வழியக் கண்டுபிடிச்சவ நான்."

மோகன் சார் என்னைப் படிக்கட்டுக்கு இழுத்து வந்தார். "தண்ணியாலதான்னு யார் சொன்னா? ப்ரூஃப் இருக்கா?"

"இல்ல சார். உங்க பாட்டில்ல இருக்கறது எந்த வீட்டுத் தண்ணி சார்?"

"நாளைலேர்ந்து வராத."

அன்றைக்கு இரண்டே பெண்கள் இறங்கிப் போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும் வேலை வேண்டுமே. படப்பைப் பெண்ணும் போகவில்லை. வேறு ஒரு தாள் வாங்கி எழுதிக்கொண்டிருந்தாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் நான் கீழே, படிக்கட்டு ஓரத்தில் நிற்கிறேன். சைக்கிள் கடை அண்ணன் கேட்கிறார், "இன்னாம்மா, இங்கியே நின்னுகினு கீற? பஞ்சர் ஒட்டக் கத்துக்கப் போறியா?" ஏறுகிற ஒவ்வொருத்தியையும் நிறுத்திச் சொல்கிறேன். வீட்டிலேயே காய்ச்சி ஆறவைத்துக் கொண்டு வாங்க. அங்கே தண்ணீர் கேட்காதீங்க, கொஞ்சம் நிழல் கேளுங்க, அதுக்கும் கதவு திறக்கும். சிலர் நிற்கிறார்கள். சிலர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்துவிட்டு ஏறுகிறார்கள்.

படப்பைப் பெண் மூன்று வாரம் என்னைப் பார்க்காமலே ஏறினாள். நாலாவது வாரம் நின்றாள்.

"நிழல்தான்க்கா கேட்டேன். உக்காந்ததும் அவங்களே தண்ணி கொண்டாந்துட்டாங்க. டம்ளர நீட்டினா எப்படிக்கா வேணாங்கறது?"

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்குத் தெரியும். அதனால் உன்னை நினைக்காமல் பதில் சொன்னேன்.

"இன்னிக்கு விரதம், பச்சத்தண்ணி கூட இல்லன்னு சொல்லு. கையெடுத்துக் கும்பிடுவாங்க."

"தெனமுமாக்கா?"

"தெனமும் வேற வீடுதானே?"

சிரித்துக்கொண்டே ஏறினாள். அவள் சொல்வாளா, குடிப்பாளா, எனக்குத் தெரியாது. பின்னாலேயே போய்ப் பார்க்க முடியாது.

இதுதான் நான் பிறந்ததற்குக் காரணம் என்று மட்டும் சொல்லிவிடாதே. கேட்டால் அடிப்பேன். இது காரணம் இல்லை. நான் விற்றதை நானே திரும்ப வாங்கப் பார்க்கிறேன், ஒவ்வொரு வீடாக. முழுசாக வாங்க முடியாது, ஒன்று என் கைக்கு வராமலே போய்விட்டது.

வருகிற சனிக்கிழமை அடுத்த பேட்ச். ஒன்பது மணிக்கு முன்னாலேயே நிற்பேன். மழை வந்தாலும் நிற்பேன், மோகன் சார் போலீசைக் கூப்பிட்டாலும் நிற்பேன். உன் சாவை என் வாயால் கேட்காமல் ஒருத்தியும் அந்தப் படி ஏற மாட்டாள். இது சத்தியம்.

உங்கம்மாவுக்கு மிச்சமிருக்கிற பொண்ணு,
உமா