சுவருக்குப் பூசிய தனக்கா

தம்பி,

இன்று காலை பேத்தி சூசூ கன்னத்தில் பூசுவதற்காகக் கல்லில் தனக்காக் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஈர மணம் சமையல்கட்டு வரை வந்தது. உடனே உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் மருமகள். நீ முதலில் வந்த அந்த வருஷம் அவள் ஷ்வேப்யிதாவில் தையல் ஆலைக்குப் போய்விட்டுப் பொழுது சாய்ந்துதான் வருவாள். தெருவே என் வீட்டைத் 'தனக்கா வீடு' என்று கூப்பிட்டதைப் பகலெல்லாம் கேட்டவள் நான்தானே!

ரங்கூன் சமதரை ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பஹான் மேட்டில் எங்கள் சந்தில் சைக்கிளை மிதித்து ஏறியவன் ஒருத்தனும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் செம்மண் சரிவு, அதற்கு மேலே பக்கத்துக்காரி டோ கின் வீடு. அந்த வருஷம் மழைக்கு முன்னால் அடுத்த மேட்டில் ஒரு மண்கரை சரிந்து இறங்கி, ஒரு வீட்டின் பின்கட்டை மூடிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் புருஷன் விட்டுப்போனது இந்த வீடு ஒன்றுதான். சூசூ அப்போது சின்னப் பிள்ளை, படுப்பது சரிவை ஒட்டின பின்னறையில். இன்சூரன்ஸ் எடுத்துவிட்டால் மண் பயந்து நின்றுவிடும் என்கிற மாதிரி ஒரு நினைப்பு எனக்கு.

ஆள் சொல்லி உன்னை வரவழைத்தேன். க்யிம்யிண்டைங்கிலிருந்து பஸ் ஏறி வந்தாய். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி, பேச்சில் பாதி அது பாதி இது. வெற்றிலை போடாத இன்சூரன்ஸ் ஏஜெண்டை அன்றுதான் முதலில் பார்த்தேன். டோ கின்னும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். நீ பாரத்தை விரித்து ஒவ்வொரு கேள்வியாய்ப் படித்தாய்.

"சுவர்ல வெடிப்பு உண்டா அக்கா?"

"இல்லை."

முந்தின நாள்தான் சமையல்கட்டுச் சுவரின் வெடிப்பில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, மேலே ஒரு காலண்டரையும் மாட்டியிருந்தேன். கை கழுவப் போகிறேன் என்று உள்ளே போன நீ, காலண்டரைத் தூக்கினாய். விரலால் ஒரு இழுப்பு இழுத்தாய். விரலெல்லாம் வெள்ளை.

"என்ன அக்கா, சுவருக்குத் தனக்கா பூசி வச்சிருக்கீங்க? பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

டோ கின் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"வெடிப்பு யார் வீட்டில இல்லை? நீ இல்லைன்னே எழுது" என்றேன்.

"எழுதலாம். இன்னைக்கு எனக்குக் கமிஷன் வரும். மண்ணு இறங்கின அன்னைக்கு இந்த 'இல்லை'யைத்தான் உங்க மூஞ்சிக்கு நேரா நீட்டுவாங்க."

"அதை அப்பப் பார்த்துக்கலாம்."

"அப்ப நான் இருப்பேனோ என்னமோ அக்கா, உங்க கையெழுத்து இருக்கும்."

சொல்லிவிட்டு அந்தப் பாரத்தைக் கிழித்தாய். அதில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்து, என் பானையிலிருந்து நாலு பருக்கைச் சோற்றை நசுக்கி, வெடிப்புக்குக் குறுக்கே ஒட்டினாய். "இப்போதைக்கு இதுதான் உங்க பாலிசி. தினம் காலையில பாருங்க. இது கிழிஞ்சா சாமானைப் பார்க்காதீங்க, ஆளைக் கூட்டிக்கிட்டு இறங்குங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டோ கின் வேறொரு ஏஜெண்டைப் பிடித்தாள். அவன் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று மடமடவென்று எழுதிக்கொண்டு போனான். வந்த பாலிசியை அவள் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். "எனக்குச் சட்டம் போட்ட காகிதம், உனக்குச் சோறு ஒட்டின காகிதம்" என்று மேலேயிருந்து கத்துவாள். உன்னைத் திட்டாத நாள் இல்லை. திட்டிக்கொண்டே தினமும் அந்தத் துண்டைப் பார்த்தேன்.

கூப்பிடாமலே நீ இன்னொரு தடவை வந்தாயே, அதைச் சொல்ல வேண்டும். முதல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு சரிவில் நின்று, தண்ணீர் எங்கேயிருந்து வந்து எங்கே போகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்தாய். டோ கின் வீட்டுக் கூரைத் தண்ணீர் முழுவதும் என் கரைக்குள்தான் இறங்குகிறது என்று கண்டுபிடித்தாய். கைலியை மடித்துக் கட்டி, என் மகனோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டினாய். உனக்கு அதில் ஒரு காசு கிடையாது. நான் ஒரு டீகூடக் கொடுக்கவில்லை. வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை.

வாசோ மாதத்தில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தேன், துண்டு நடுவில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு காகிதத்துக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடினால் இந்தத் தெரு இன்னும் எத்தனை வருஷம் சிரிக்கும் என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு அடுப்பை அணைத்து, சூசூவைப் பாயோடு வாரிக்கொண்டு வெளியே வந்தேன். அவளைச் சந்துக் கோடியில் ஒரு வீட்டில் விட்டுவிட்டு, மேலே ஏறி டோ கின்னைக் கூப்பிட்டேன்.

"என்ன, சுவரோட மேக்கப் கலைஞ்சிடுச்சா?" என்றாள்.

கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு இறங்கினேன். வழியெல்லாம் என்னைத் திட்டினாள். மத்தியானத்துக்குள் கரை இறங்கிவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை, மூட்டையிலிருந்து அரிசியைக் கொட்டுகிற மாதிரிதான் இருந்தது. சமையல்கட்டும் பின்னறையும் இல்லை. சூசூ படுத்திருந்த இடத்தில் என் தோள் உயரத்துக்குச் செம்மண். டோ கின் வீட்டில் பாதி அந்த மண்ணுக்குள் கிடந்தது.

டோ கின்னுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் சுவரில் பழைய வெடிப்பைச் சிமெண்டு வைத்து அடைத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள், அவள் பாரத்தைக் காட்டினார்கள், போய்விட்டார்கள். அவளுக்கு எழுதிக்கொடுத்த ஏஜெண்ட் அந்தச் சந்துப் பக்கமே வரவில்லை. அவனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவளுக்காக அந்த ஆபீஸ் படியை மூன்று தடவை ஏறி இறங்கியது நீ. அவள் உன் வாடிக்கைக்காரியே இல்லை.

மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு மண் அள்ள வந்தாய். 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று பார்த்தேன். பதிலுக்கு என்ன கேட்கலாம் என்றுகூடத் தயாராக இருந்தேன். நீ சொல்லவில்லை. எஞ்சினியரைக் கூட்டிவந்தாய். ஆழமாக அடித்தளம் போட்டு, தண்ணீர் கசிந்து வெளியேறச் சுவரில் குழாய்த் துண்டுகள் பதித்து, கரையைத் தாங்குகிற சுவர் எழும்பியது. அதற்குப் பிறகுதான் புதுப் பாரத்தை விரித்தாய். மண் சரிந்தது உண்டு, வெடிப்பு இருந்தது உண்டு, இன்னின்ன வேலை செய்தது உண்டு என்று எல்லாம் 'உண்டு'தான்.

"பணம் கூடுதலாக் கேட்கிறாங்க அக்கா. ஆனா எல்லாம் தெரிஞ்சு வாங்கிக்கிட்டு அப்புறம் தெரியாதுன்னு அவங்க சொல்ல முடியாது."

அன்றைக்கு உனக்கு மொஹிங்கா வைத்தேன். இரண்டாவது கிண்ணம் நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய். பிள்ளையைக் காப்பாற்றினாய் என்று அப்போது சொல்லியிருக்கலாம். உப்பு போதுமா என்று கேட்டேன்.

போன வாரம் பாலிசியைப் புதுப்பிக்க உன் இடத்தில் ஒரு பெண் வந்தாள். குளியலறை மூலையில் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடியிருக்கிறது. நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"இது ஒண்ணுமில்லை அமே, எழுதினா பணம் கூடுதலாக் கேட்பாங்க. இல்லைன்னு போட்டுடட்டுமா?"

மருமகள் போடச் சொல்லித் தலையை ஆட்டினாள்.

"உண்டுன்னு போடு" என்றேன். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குச் சலிப்பு வந்துவிட்டது. வரட்டும். கடைசியில் என் வயசைக் கேட்டாள். அதையும் உள்ளபடி சொன்னேன். மருமகள் வாயைப் பிளந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.