உந்தக் கடல்

ஆவணி, சனிக்கிழமை. கோப்பாய்.

இன்று மாமி வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது.

மாமியின் மகள் வதனி கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறாள். புதுக் கேம் கொன்சோல் ஒன்றைக் கொண்டுவந்து டிவியில் பூட்டியிருந்தாள். அதில் ஓடியது, பள்ளிக்கூட நாட்களில் நான் உள்ளங்கைக்குள் வைத்து விளையாடிய அதே படகு விளையாட்டு. பெரிய திரைக்காகப் புதுப்பித்திருக்கிறார்களாம். விரல்கள் தாமாகவே ஓடின. தீவு தீவாகப் போனேன். தேத்தண்ணீர் ஆறியதுகூடத் தெரியவில்லை.

அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கும் கேம் தெரியும் என்று அவளுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

“உந்தக் கடலைப் பார், நீலத் தகரம் மாதிரிக் கிடக்கு. உதை ஆர் கீறினது, கண் தெரியாதவையோ?” என்றேன்.

மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். “தம்பி, உது இவள் கீறினதெல்லே. அங்கை கேமுகளுக்குப் படம் கீறுறதுதானே இவளின்ரை வேலை.”

வதனி கோபிக்கவில்லை. “ஓம் அத்தான், தண்ணி சரிவரேல்லைத்தான். சின்னத் திரையிலை தெரியாத பிழையெல்லாம் பெருப்பிச்ச உடனை தெரியுது.”

“சும்மா பகிடிக்குச் சொன்னனான்” என்று சிரித்தேன். அவள் கொன்சோலை நிறுத்தி, வயரைச் சுற்றத் தொடங்கினாள்.

சைக்கிளில் திரும்பும்போதுதான் உறைத்தது. எனக்குக் கிட்ட இருப்பது இது. தூரத்தில் இருப்பது அது. உது, உந்த என்றால் உன் பக்கத்தில் இருப்பது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன். கடல் யாருடையது என்று என் வாய் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.