துண்டில் விழுந்த ஏழு ஓட்டைகள்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நலம்தானே? மகளுக்கு இருமல் விட்டதா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

பெட்டி ஒட்டும் மெஷினில் என் இரண்டு விரல் நசுங்கியதை உன்னிடம் மறைத்தது தப்புதான். இப்போது நன்றாக மடங்குகிறது, நம்பு. நர்ஸம்மாதான், "சும்மா இருந்தா விரல் வெறச்சுக்கும், எதையாவது பின்னுங்க" என்று இரண்டு ஊசியும் பருத்தி நூலும் கொடுத்தார். நம் அடுப்படிக்குக் கைத்துண்டு பின்னுகிறேன்.

உன் போன் வந்தால் பாதி வரிசையில் போட்டுவிட்டு ஓடுவேன். திரும்பி வந்து, நான்தான் பெரிய புத்திசாலியாயிற்றே, எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன் என்பது மறந்து வந்த பக்கமே திருப்பிப் பின்னிவிடுவேன். அங்கே ஒரு ஓட்டை விழும். இப்படி ஏழு ஓட்டை. "இது துண்டா, சல்லடையா?" என்கிறார் அறையில் கூட இருப்பவர்.

விரல் விஷயம் தெரிந்து நீ பேச்சை நிறுத்திய பிறகு பின்னிய ஒரு சாணில் ஓட்டையே இல்லை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் பிடிக்கவில்லை.

பார்சல் அனுப்பினால் நூல்முனை செருக ஒரு கோணி ஊசி வை. ஷிஃப்டுக்கு வண்டி வந்துவிட்டது. துண்டு முடிய நாலு விரற்கடைதான் பாக்கி. திட்டுவதற்காவது கூப்பிடு, எட்டாவது ஓட்டைக்கு இடம் விட்டிருக்கிறேன்.

உன்
கோணல் விரல்காரன்